மாலை ஆறு மணிச் சண்டை

என் மூத்த மகளுக்கு ஆறு வயது நடந்தபோது எங்கள் வீட்டுக் கதவு நிலைகள் அவளை அடிக்க ஆரம்பித்தன. அவள் அப்படித்தான் சொன்னாள். நெற்றியில் புடைப்போடு வந்து நின்று, "இந்த நெலைக்கு என்னயக் கண்டா ஆவ மாட்டேங்குதும்மா" என்பாள். நான் நிலைக்கு ஓர் அடி கொடுப்பேன். "பத்தாது, இன்னொண்ணு" என்பாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பொரியல் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வெறும் பக்கத்தில் துழாவுவாள். கேட்டால் வெண்டைக்காய் ஒளிந்துகொண்டது என்று அதன் மேல் பழி.

மன்னார்குடியில் கண் மருத்துவரிடம் காட்டிக் கண்ணாடி வாங்கினோம். சிவப்பு பிரேம்தான் வேண்டும் என்று அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஒருநாள் தலை பின்னிவிடும்போது, "கண்ணாடி போட்டா நல்லா தெரியுதாடி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. போடாட்டியும் இப்படித்தான் தெரியுது."

"அப்புறம் எதுக்கு தெனம் போட்டுக்கிட்டுப் போற?"

"டீச்சர் அழகா இருக்குன்னாங்க."

சிரித்துக்கொண்டே பின்னி முடித்தேன். அடுத்த வாரம் பள்ளியில் காலை வழிபாட்டு வரிசையில் நின்றவள் விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுத்தது. கண்ணாடி, கதவு நிலை, வெண்டைக்காய் எல்லாம் ஒரே சங்கதி என்று எங்களுக்கு உறைத்தது அதற்குப் பிறகுதான்.

எங்கள் குடும்பத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கூத்தாநல்லூரில் ஓர் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுப்பது வேலை. கணவர் விவசாயம். சொந்த டிராக்டரில் மற்றவர் வயலுக்கும் உழவு ஓட்டுவார். அவர் எனக்கு அத்தை மகன். அதாவது என் மாமியார் என் அப்பாவுடன் கூடப்பிறந்த அக்கா. என் அம்மாவும் இல்லை, மாமனாரும் இல்லை. அத்தை எங்களோடு இருந்தார். அப்பா அடுத்த தெருவில் தனியாக.

அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து செய்துவைத்த கல்யாணம்தான் எங்களுடையது. செய்துவைத்த அடுத்த வருஷமே இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் ஒரு புங்க மரம். இருவர் வயலுக்கும் நடுவரப்பில் நின்றது. அதன் நிழல் விழுந்து தன் பக்கத்து நெல் பால் பிடிக்கவில்லை, வெட்டு என்றார் அத்தை. அது அவர்கள் அப்பா வைத்த மரம், வெட்டக் கூடாது என்றார் என் அப்பா. கஜா புயலில் மரம் வேரோடு சாய்ந்தது. சண்டை சாயவில்லை.

அத்தனை வருஷமும் நான்தான் இருவருக்கும் தபால். வாய்க்காலடியில் மூன்று பேரும் நின்றுகொண்டிருப்போம். "நாத்தாங்காலுக்குத் தண்ணி வுடப்போறேன்னு உங்க அப்பாருகிட்ட சொல்லு" என்பார் அத்தை. நான் வாயைத் திறப்பதற்குள், "கேட்டுச்சுன்னு உன் மாமியாகிட்ட சொல்லு" என்பார் அப்பா.

மகளுக்குத் தஞ்சாவூரில் பார்த்தார்கள். அங்கிருந்து சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலையை ஸ்கேன் எடுத்து, ரத்தத்தை எங்கோ அனுப்பி, பல வாரம் காத்திருந்து, கடைசியில் ஒரு பெயரைச் சொன்னார்கள். நியூரோனல் செராய்டு லிப்போஃபசினோசிஸ். பெயரைச் சொல்லும்போது டாக்டரே நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினார். மூளையின் செல்களில் நாள்தோறும் சேரும் குப்பையை அள்ளி வெளியேற்ற வேண்டிய ஒன்று பிறவியிலேயே சரியாக இல்லை, குப்பை சேரச் சேர செல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் என்றார். முதலில் பார்வை, பிறகு நடை, பிறகு பேச்சு. அவளுக்கு வந்திருக்கும் வகைக்கு மருந்து இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்தலாம், வசதியாக வைத்துக்கொள்ளலாம்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் இதைப் பேசினோம். கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. வெளியே வந்ததும், "குப்ப அள்ள ஆள் வரலன்னா பஞ்சாயத்துல சொல்லலாமேம்மா" என்றாள். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறேன் என்று போனார். கையில் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருந்தது.

திரும்பி வரும் பகல் ரயிலில் அவள் அந்தப் பெயரைப் பாடம் பண்ணினாள். டீச்சர் பாடம் சொல்லித்தருவது போல என்னைத் துண்டு துண்டாகச் சொல்லச் சொன்னாள். விழுப்புரத்தில் முதல் பாதி வந்தது. மாயவரம் தாண்டும்போது தடங்கல் இல்லாமல் முழுசாகச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இங்கிலீஷ் மீடியமா பாப்பா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். பொய். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி.

இரண்டாவது முறை போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வரச் சொன்னார்கள். பரம்பரை நோய் என்பதால் குடும்ப வரைபடம் போட வேண்டுமாம். ஆக, அப்பாவும் அத்தையும் ஒரே வேனில் ஏறியாக வேண்டும். நடுவில் நான் உட்கார்ந்தேன். திண்டிவனம் வரை ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதை என் வழியாகவே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மரபணு ஆலோசகர் சின்னப் பெண். வெள்ளைத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக்கோடு. வாரிசுச் சான்றிதழ் அடித்து அடித்து மூன்று தலைமுறை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எங்கள் மையத்தில் யார் இறந்தார், யார் பேரில் நிலம் என்றுதான் கேட்போம். இந்தப் பெண், சின்ன வயதில் யாருக்காவது கண் தெரியாமல் போனதா, நடக்க முடியாமல் போனதா, வலிப்பு வந்ததா என்று கேட்டார்.

"எங்க பக்கம் அப்படி யாரும் கெடையாதும்மா" என்றார் அத்தை. "பொண்ணு பக்கம் கேளுங்க."

"எங்க பக்கம் சுத்தமா கெடையாதுங்க" என்றார் அப்பா. "மாப்பிள்ள பக்கந்தான் இருக்கணும்."

"அவுங்க பக்கம் எல்லாத்தையும் மறைப்பாங்க."

"அவுங்க பக்கத்துல பேச்சு மட்டும் கொறவு இருக்காது."

ஆலோசகர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வரைபடத்தை ஒரு முறை பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன் என் மடியிலிருந்து குரல் வந்தது.

"ஏன் தாத்தா, ஒங்களுக்கும் அப்பாயிக்கும் ஒரே அம்மாதானே? அப்புறம் எப்படி ரெண்டு பக்கம்?"

ஆலோசகர் குனிந்து மேஜை இழுப்பறையில் எதையோ தேடினார். ரொம்ப நேரம் தேடினார். நிமிர்ந்தபோது முகம் சரியாகியிருந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னார். உடம்புக்கான ஒவ்வொரு குறிப்பும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றதை வைத்து உடம்பு சமாளித்துவிடும், வெளியே தெரியாது. இரண்டு பக்கமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய். எனக்கும் என் கணவருக்கும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கிறது. எனக்கு என் அப்பாவிடமிருந்தும், அவருக்கு அவர் அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. அசலும் நகலும் சரிபார்த்தே பிழைக்கிறவள் நான், எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரிந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். அத்தை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சும்மா" என்றார்.

எனக்கு இது தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"கடக்குட்டி. மொதல்ல கண்ணு போச்சு. அப்புறம் நடக்கல. வலிப்பு வரும். ரொம்ப நாள் இருக்கல." ஆலோசகரைப் பார்த்துக் கேட்டார். "கீழ வுழுந்தா இது வருமாம்மா?"

"வராதுங்க."

"இடுப்புல தூக்கி வச்சிருக்கையில தவறி, படித்தொறையில வுழுந்து, தலைல அடிபட்டா?"

"அப்படி வராதுங்க அம்மா. பொறக்கும்போதே அந்த ரெண்டு பிரதியோட பொறந்திருப்பாங்க."

"ஒரு நாலு படி உருண்டு வுழுந்தாக் கூடவா?"

"எத்தனை படியா இருந்தாலும் வராதுங்க."

அத்தைக்கு அப்போது பத்து வயதாம். தங்கையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் படித்துறையில் இறங்கும்போது வழுக்கியிருக்கிறது. அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று வீட்டில் சொன்னார்கள். அவர்கள் சொல்வதை நிறுத்திய பிறகும் அத்தை தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், ஐம்பத்தைந்து வருஷமாக.

அப்பா நிமிர்ந்தார். "அக்கா" என்றார். என் வழியாக இல்லை, நேராக. "அதையா நெனச்சிக்கிட்டு இருந்த இவ்ளோ நாளும்?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆலோசகர் மெதுவாக, அந்தத் தங்கை எத்தனை வயதில் இறந்தார் என்று கேட்டார்.

"ஒம்போது" என்றார் அத்தை.

"எட்டுக்கா."

"ஒம்போதுடா. தீவாளிக்கு மஞ்சக் கவுன் எடுத்தோம், பொங்கலுக்கு முன்னாடி போயிட்டா."

"பச்சக் கவுன்."

"நீ அப்ப ஆறாப்பு. உனக்கு என்ன தெரியும்?"

ஆலோசகர் வரைபடத்தில் அப்பாவின் கட்டத்துக்கும் அத்தையின் வட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதைக் கறுப்பாக நிரப்பி, வயது எட்டு அல்லது ஒன்பது என்று எழுதினார். திரும்பி வரும்போது வேனில் என்னை ஜன்னலோரம் நகரச் சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டில் தொடங்கிய கவுன் பேச்சு கும்பகோணம் வரை ஓடியது.

எங்கள் இளைய மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கும் பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும் வரையில் அவள் கதவில் இடித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் நாங்கள் இருவரும் எழுந்து ஓடினோம். அவளோ சாதாரணமாகவே எல்லாவற்றிலும் இடித்துக்கொள்கிற பிள்ளை. முடிவு நல்லபடியாக வந்தது. பழுதான பிரதி ஒன்றே ஒன்று, என்னைப் போல, அவள் அப்பாவைப் போல. அன்று என் கணவர் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய், யாரும் கேட்காமலே பக்கத்து வயலை உழுதுவிட்டு வந்தார். அந்த வயல்காரர் அங்கே உளுந்து தெளித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அது தனிக் கதை.

டாக்டர் சொன்ன வரிசையில்தான் எல்லாம் நடந்தது. பார்வை போனதும் மகள் காதால் ஊரை நடத்தினாள். தெருவில் போகும் டிராக்டர் யாருடையது என்று சொல்லுவாள். "இது நம்ம அப்பா இல்ல. நம்ம அப்பா வண்டி இருமும்" என்பாள். நடை போனதும் சக்கர நாற்காலிக்கு மாறினாள். ஒருமுறை முத்துப்பேட்டைக்கு அழைத்துப்போய் அவளை நாற்காலியோடு படகில் ஏற்றி அலையாத்திக் காட்டுக்குள் போனோம். படகுக்காரர் பறவைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். என் கணவர் அவளுக்கு விவரித்தார். "வெள்ளையா ஒண்ணு. அங்க இன்னொண்ணு, அதுவும் வெள்ள." அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க பேசாம வாங்க, நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

பிறகு சொற்கள் போகத் தொடங்கின. முதலில் பொருள்களின் பெயர்கள். எல்லாமே 'அது' ஆயிற்று. "அத எடுத்து அதுல வச்சி அதக் குடு" என்பாள். நான் தோசையை எடுத்துத் தட்டில் வைத்துச் சட்னி ஊற்றிக் கொடுத்தால் சரியாக இருக்கும். அவள் அப்பா செருப்பை எடுத்துவந்து நிற்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். பத்தாவது வயதில் 'அது'வும் போயிற்று. விழுங்க முடியாமல் புரையேறியதால் வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாக உணவு. கொஞ்ச காலம் எதற்கும் அசைவே இல்லை. பாட்டுப் போட்டோம், சலங்கை ஆட்டினோம், சின்னவள் காதருகே பூனை மாதிரி கத்தினாள். முகம் அப்படியே இருந்தது. அந்த ஒரு மாதத்தைப் பற்றி வேறெதுவும் எழுத எனக்கு வரவில்லை.

அந்த நிலையில் ஒரு சாயங்காலம் அப்பா ஒரு முருங்கைக் கொம்போடு வந்து, கொல்லையில் அத்தை நெல் காயப்போடும் இடத்தில் நட்டுவிட்டார்.

"யாரக் கேட்டுடா நட்ட?" என்றார் அத்தை.

"முருங்கை நட யாரக் கேக்கணும்?"

"நெல்ல உன் தலைல காயப்போடவா?"

"போடு. அங்கதான் முடியில்லாம காலியா கெடக்கு."

"மரத்தக் கொண்டாந்து என் நெல்லு மேல வைக்கிறதே உனக்குப் பொழப்பாப் போச்சு."

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். வலிப்புதான் என்று நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிறு குலுங்க, வாயோரம் எச்சில் வழியச் சிரித்தாள். அப்பாவும் அத்தையும் திகைத்து நிறுத்தினார்கள். சிரிப்பும் நின்றது.

"நிறுத்தாதீங்க" என்றாள் சின்னவள். "அக்கா சிரிக்கிறா. போடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒப்பிப்பது போல, "ஏண்டா முருங்கையக் கொண்டாந்து நட்ட?" என்றார். அப்பாவும் ஒப்பிப்பது போலவே, "அப்படித்தான் நடுவேன்" என்றார். மகள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்குச் சண்டை. அப்பா ஐந்தே முக்காலுக்கே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அம்மா, பிள்ளை எந்த நேரத்தில் நன்றாக விழித்திருக்கிறாள் என்று கேட்டார். ஆறு மணிக்கு, அது சண்டை நேரம் என்றேன். அவர் 'குடும்ப உரையாடல்' என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் சரக்கு தீர்ந்துபோயிற்று. குறுவையா சம்பாவா, யாரை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், மீன் குழம்புக்குப் புளியா மாங்காயா, எல்லாம் போட்டு முடித்தாயிற்று. புங்க மரத்தை மட்டும் விசேஷ நாளுக்கு என்று எடுத்து வைத்திருந்தார்கள். வேலை முடிந்து நான் பஸ் ஏறும் நேரத்தில் அப்பா போன் பண்ணுவார். "இன்னிக்கு எதப் பத்தி போடறதுன்னு ஏதாவது சொல்லேன்மா." மையத்துக்கு வந்த பட்டா தகராறுகளை ஊர், பேர் சொல்லாமல் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து, இல்லாத வரப்புக்காக வாதாடுவார்கள். எது நன்றாக இருந்தது, எது இழுவை என்று தீர்ப்புச் சொல்வது சின்னவள் வேலை. "இன்னிக்கு தாத்தா வீக்" என்பாள். அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் கொழுந்தனார் முறை உறவுக்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். அக்காளும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷமாக ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு, சரியாக ஆறு பத்துக்கு வாசலில் வந்து நின்றார். உள்ளே அத்தை, "உன் மூஞ்சில முழிச்ச அன்னிக்கு ஒரு மாடு கூடப் பால் கறக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உறவுக்காரர் பையைப் போட்டுவிட்டு நடுவில் பாய்ந்தார்.

"பெரிம்மா, வேணாம். மாமா, நீங்களாவது வுடுங்க. இந்த வயசுல எதுக்கு?"

மகளின் சிரிப்பு நின்றது.

"போங்க சித்தப்பா" என்றாள் சின்னவள். "கெடுத்துட்டீங்க."

விஷயத்தைச் சொன்னோம். மனிதர் நாற்காலி அருகே மண்டியிட்டு உட்கார்ந்து மகளின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் யாரு கட்சி?" என்று கேட்டார். அப்பா கட்சியில் சேர்த்தோம். லீவு முடியும் வரை தவறாமல் வந்தார். அத்தை இரண்டு பேரையும் சேர்த்தே வைத்து வாங்கினார்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று. முன்பு போல வயிறு குலுங்கும் சிரிப்பு இல்லை. சில நாள் உதட்டோரம் மட்டும் ஒரு பக்கமாக இழுக்கும். சில நாள் கால் கட்டைவிரல் அசையும். அதுதான் சிரிப்பு என்கிறார் அத்தை. அதை நாங்களும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். மருந்துகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. தூக்கமும் கூடியிருக்கிறது. டாக்டர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நாங்களும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டோம்.

போன வாரம் சம்பா அறுவடை. மெஷின் வயலில் இறங்கிய நாள். என் கணவர் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் களத்திலிருந்து உடம்பெல்லாம் அரிக்கும் நெல் சுணையோடு நேராக வந்தார். அன்றைக்கு நெல்லின் ஈரப்பதம் பற்றிச் சண்டை. பாதியில் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"தூங்கிட்டாக்கா. போதும்."

"தூங்கல. கேட்டுக்கிட்டிருக்கா."

"கண்ணு மூடியிருக்கு பாரு."

"கண்ணத் தொறந்தாலும் அவளுக்கு ஒண்ணுதானடா. காது கேக்குது."

"மூச்சு சீரா வருது. தூங்கறவங்களுக்குத்தான் அப்படி வரும்."

"நீ தூங்கும்போது அப்படியா வருது? நாலு தெருவுக்குக் கேக்கும்."

அது அரைமணி நேரம் போயிற்று. நடுவில் அவள் சிரித்தாள் என்று சின்னவள் அடித்துச் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. உலை பொங்குகிறதே என்று உள்ளே போயிருந்தேன்.